உங்களுக்குத் தெரியுமா? – வீடும் ஊரும் வளர்க்கும் பிள்ளைகள்

★ உங்கள் தாத்தா, பாட்டி, அப்பா என்று வீட்டில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் மே, ஜூன் மாதங்களில் வருகிறதா? சான்றிதழைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் கிராமங்களில் பரவாத காலத்தில், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த அப்பாவுக்குத் தேதி தெரியாது. "பெருமழை பெஞ்ச வருஷம், ஆடிக்கு முன்னாடி" என்பார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வாத்தியார் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஒரு தேதியை எழுதிக்கொள்வார்.

வயதைச் சோதிக்க அவர் ஒரு பரீட்சையும் வைத்திருந்தார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் சேர்க்கை, எட்டாவிட்டால் அடுத்த வருஷம். சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஐந்தாறு வயதில்தான் கை காதை எட்டும் அளவுக்கு நீளும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்குப் பிறகும் காதைத் தொட்டுக் காட்டிச் சேர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பார்கள்.

★ பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு இனிப்பை யார் வைப்பது? தென்மாவட்டங்களில் இது பெரிய கேள்வி. இதற்குச் 'சேனை வைப்பது' என்று பெயர். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு அப்படியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் குடும்பத்தில் நல்ல பேர் எடுத்த ஆளைத் தேடிப் பிடிப்பார்கள். நாலு வயதில் பிள்ளை அடம்பிடித்தால், "இதுக்குச் சேனை வச்சது யாரு?" என்று விசாரணை நடக்கும், பெரும்பாலும் பழி அப்பா வழிச் சொந்தத்தின் தலையில் விழும். டாக்டர்கள் இதை ஒப்புவதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அதைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேனோ, ஒரு வயது ஆகும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும்.

★ குழந்தையின் கையில் வளையலாகக் கட்டும் வசம்பை இருட்டிய பிறகு பேர் சொல்லிக் கேட்கக் கூடாதாம். அதனாலேயே அதற்குப் 'பேர் சொல்லாதது' என்றே ஒரு பெயர்.

★ தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம்மிடம் பழைய வழக்கம். அதில் ஒரு சிக்கல். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் பழைய வழக்கம். பெற்ற பிள்ளையை அம்மா எப்படிக் கூப்பிடுவாள்? அதற்குத்தான் வீட்டுப் பெயர். ராசா, தம்பி, சின்னையா என்று ஏதாவது ஒன்று. பள்ளியில் சேரும் அன்றுதான் தன் பெயர் வேறு என்று தெரிந்து விழித்த பிள்ளைகள் உண்டு.

★ குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று இன்று ஆஸ்பத்திரிச் சுவரில் அட்டவணை மாட்டியிருக்கிறார்கள். தமிழில் அதை இலக்கியமாகவே வைத்திருந்தார்கள். பிள்ளைத்தமிழ் என்பது பத்துப் பருவங்கள் கொண்டது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று முதல் ஏழு. செங்கீரை ஐந்தாம் மாதத்துக்கு உரியது: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். சப்பாணி என்றால் கைகொட்டுவது. அம்புலி என்றால் நிலாவை விளையாடக் கூப்பிடுவது. இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பழையது, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ அரசன்மீது பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ்.

கவனிக்க வேண்டியது கடைசி மூன்று பருவங்களை. அதுவரை ஒன்றாகத் தவழ்ந்த ஆணும் பெண்ணும் அங்கே பிரிந்துவிடுகிறார்கள். ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. அவன் பறை கொட்டித் தெருவில் தேர் ஓட்டுகிறான். அவள் காய் வீசிப் பிடித்து ஊஞ்சலில் ஆடுகிறாள். சிற்றில் பருவம் இன்னும் வேடிக்கை. சிறுமிகள் மணலில் கட்டிய சின்ன வீட்டைப் பையன் காலால் உதைக்க வருவான். "எங்கள் வீட்டைச் சிதைக்காதே" என்று அவர்கள் கெஞ்ச வேண்டும். இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளைகளுக்குள் இந்த ஏற்பாட்டைப் பார்த்தது குழந்தைகளா, பாடிய பெரியவர்களா? எனக்கென்னவோ பின்னவர்கள் என்றே படுகிறது.

★ மொட்டை போடவும் காது குத்தவும் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்பவர் தாய்மாமன். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் பச்சை ஓலைக் குடிசை கட்டுபவரும் அவரே. இனி அவரை எங்கே தேடுவது? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை என்பது இரண்டு தலைமுறை தொடர்ந்தால் மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா எல்லோரும் ஒரேயடியாகக் காணாமல் போவார்கள். இப்போதே பல வீடுகளில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியைக் கூட்டிவந்து உட்கார வைக்கிறார்கள்.

★ பள்ளியில் சோறு போடும் வழக்கம் எப்போது தொடங்கியது? எம்.ஜி.ஆர். காலம் என்பார்கள் சிலர், காமராஜர் காலம் என்பார்கள் பலர். அதற்கும் முன்னால், 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஆனால் இந்தச் செலவுக்கு ஆங்கில அரசு இசையவில்லை, 1925இல் நின்றுபோனது.

காமராஜர் 1956இல் மாநிலம் தழுவிய மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நாடு முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001 நவம்பரில்தான். நம் பிள்ளைகள் அதற்குள் இரண்டு தலைமுறை சாப்பிட்டு எழுந்திருந்தார்கள்.

மதியச் சோறு சரி, காலையில்? நூறு நாள் வேலைக்கோ கம்பெனி வேனுக்கோ அம்மா விடியலில் கிளம்பிவிட்டால் பழைய சோறுதான், அதுவும் மிஞ்சியிருந்தால். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளுக்கு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 31,000க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், மேலே சாம்பார். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலையில் பசிக்காது போலிருக்கிறது!

★ அதே சோற்றில் ஊரும் கை வைக்கும். சமைப்பவர் பட்டியலினப் பெண் என்பதால் "அங்கே சாப்பிடாதே" என்று பெற்றோர் பிள்ளையைத் தடுத்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒன்று. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒன்று. அங்கே கலெக்டரே பள்ளிக்குப் போய், அந்தப் பெண் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்கு உப்புமாவில் உப்பு இருக்கிறதா என்று தெரியும். சமைத்தவரின் சாதி என்ன என்று வீட்டில் யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

★ கையில் கட்டும் கயிற்றுக்கும் சாதி உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் பார்த்து மாணவர்கள் அணி பிரிவதைச் சொல்லி, அதைத் தடுக்கும்படி பள்ளிக் கல்வித் துறை 2019இல் சுற்றறிக்கை அனுப்பியது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்ற அடையாளங்களைப் பள்ளிக்குள் தடை செய்ய வேண்டும், பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிச் சொல்லை நீக்க வேண்டும் என்றெல்லாம் 2024இல் அறிக்கை கொடுத்தார் அவர்.

★ பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னையில் ஓர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்த அவர், அதைத் தன் பள்ளியிலும் புகுத்தி, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அது பரவியது, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது.

★ கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பாடம் மறந்த பிள்ளைகளுக்காக 2021 அக்டோபரில் வந்தது 'இல்லம் தேடிக் கல்வி'. சாயங்காலத்தில் தெருவிலேயே வகுப்பு. சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். திண்ணை இல்லாத இடத்தில் மாரியம்மன் கோயில் வாசல்.

★ பெண் வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்துவதற்கு வீடுகள் சொன்ன காரணங்களில் ஒன்று தூரம். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குத் தனியாக நடந்து போக வேண்டும். பஸ் நேரத்துக்கு வராது. அதற்கு மேல் என்ன படிப்பு?

இதை உடைத்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு. அது முதலில் அம்மாக்களிடம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம் என்று போனார்கள். 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. மஞ்சள் நீராட்டுக்கு வைத்த பிளக்ஸ் பேனர் இன்னும் கம்பத்தில் தொங்க, அதே பெண் அதன் கீழே சைக்கிளில் பள்ளிக்குப் போவதை இன்று எந்த ஊரிலும் பார்க்கலாம்.

★ பம்பரம், கோலி, கிட்டிப்புள், பட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காலம் உண்டு. எவரும் அறிவிப்பதில்லை. ஒரு நாள் திடீரென்று தெரு முழுக்கப் பம்பரம் சுற்றும். இன்னொரு நாள் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. பிள்ளைகளே வகுத்துப் பிள்ளைகளே நடத்திய கால அட்டவணை அது. 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரில் எழுதியவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

★ 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்குத் தினமும் பள்ளி மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரத்தில் அப்பா, அம்மாவின் தொழிலைக் கற்க வேண்டும். பணமும் கட்டடமும் போதாத நிலையில், இருக்கிற வாத்தியார்களை வைத்தே இரண்டு ஷிப்டாக இரட்டிப்புப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அரசின் கணக்கு. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்பே தைக்கட்டும் என்கிறீர்களா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராஜர் வந்ததும் திட்டம் போனது.

★ 'குட்டி ஜப்பான்' சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுக் கம்பெனிகளின் பஸ் விடியுமுன் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அதைப் பதிவு செய்திருக்கிறது. சிவகாசி பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளைக்குப் பதிலாக அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி பார்க்க வேண்டும் என்றது.

★ 2016இல் திருத்திய சட்டத்தின்படி 14 வயதுக்குக் கீழ் எந்தப் பிள்ளையையும் வேலைக்கு வைக்கக் கூடாது. விலக்குகளில் ஒன்று: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ பிள்ளை உதவி செய்யலாம். குடும்பம் என்றால் யார் யார் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அவர்களோடு அப்பாவின் உடன்பிறந்தவர்களும் அம்மாவின் உடன்பிறந்தவர்களும், அதாவது பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெரியம்மா, சித்தி அத்தனை பேரும் அதில் அடக்கம்.