பழுதுண்டெனக் கேட்ட மடிக்கணினியை வாங்கலாமா?

புதிதாக வந்த மடிக்கணினியில் பழுதுண்டென்று செய்தி பரவினால், அதை வாங்குவதா, விடுவதா? இரண்டு வினாக்களுக்கு நாம் விடை காண வேண்டும்.

முதலாவது, குறை சில கணினிகளில் மட்டும் நேர்ந்ததா, அமைப்பிலேயே உள்ளதா என்பது. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் ‘பட்டாம்பூச்சி’ என்னும் மெல்லிய விசைப்பலகையைப் புகுத்தியது. சில கணினிகளில் விசைகள் இயங்க மறுத்தன. ஓரெழுத்தை அழுத்தினால் ஈரெழுத்து விழுந்தன. 2018-இல் அந்நிறுவனம், விற்ற நாளிலிருந்து நான்காண்டு வரை இலவசமாகச் செப்பனிட முன்வந்தது. ஆயினும் மாற்றிப் பொருத்தியதும் அவ்வகைப் பலகையே. 2019-இன் இறுதியில்தான் பழைய ‘கத்தரிக்கோல்’ அமைப்புக்குத் திரும்பத் தொடங்கியது. இத்தகைய குறைக்கு, அடுத்த மாதிரி வரும்வரை பொறுத்திருத்தலே நன்று. சிலவற்றில் மட்டும் நேர்ந்த குறையாயின், மாற்றித் தரும் உறுதியை எழுத்தில் பெற்று வாங்கலாம்.

இரண்டாவது, செப்பனிடும் நிலையம் நாம் வாழும் ஊரில் உண்டா என்பது. விடுமுறையில் சென்னையில் வாங்கிய கணினி நாகபுரியில் பழுதுபடலாம். விற்றவர் கைவிட்டால் சென்னைக்கு அலைய வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். அதற்கு ரசீதும் உத்தரவாதச் சீட்டும் துணை நிற்கும். அவற்றைப் பேணி வைப்போமாக.