காப்புறுதிப் பத்திரத்தின் பொருள் என்ன?

வணிகர் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறார். இழப்பு வந்ததும் காப்புறுதி நிறுவனம் ஒரு விதியைக் காட்டிக் கையை விரிக்கிறது. அவ்விதியின் பொருளை யார் முடிவு செய்வது? நீதிமன்றமே. இரு வழக்குகளைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு தங்குவிடுதியைச் சேதப்படுத்தியது. “விடுதி சேதமடையாவிட்டாலும், நகரமே பாழானதால் விருந்தினர் வந்திருக்கமாட்டார்கள்” என்று நிறுவனம் வாதிட்டது. 2010இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. பேரிடர் பெரிதானால் இழப்பீடு சிறிதாகும் என்பதுதான் இதன் விளைவு!

கோவிட் காலத்தில் இதே வாதம் மீண்டும் எழுந்தது. கடையிலிருந்து 25 மைலுக்குள் நோய் கண்டு வணிகம் முடங்கினால் இழப்பீடு உண்டு என்றன சில பத்திரங்கள். “நாடெங்கும் நோய் பரவியதால் கடை எப்படியும் மூடப்பட்டிருக்கும்” என்றன நிறுவனங்கள். 15.1.2021 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. நோய் கண்ட ஒவ்வொருவரும் முடக்கத்திற்குச் சமமான காரணமே என்றது. 2010 தீர்ப்பும் தவறென்றது. அன்றைய நீதிபதி ஹாம்பிளனும், அவ்வழக்கின் நடுவர்களுள் ஒருவரான லெகாட்டும்தான் இப்புதிய தீர்ப்பை எழுதினர் என்பது என்னை வியக்க வைத்தது.

சாதாரண வாடிக்கையாளர் கவனமாகப் படித்தால் என்ன விளங்குமோ, அதுவே பத்திரத்தின் பொருள். ஆனால் தெளிவான சொற்களை நீதிமன்றம் இரக்கப்பட்டு மாற்றி எழுதாது. எனவே நண்பர்களே, கையெழுத்திடும் முன்பே படியுங்கள்!