பரணில் இருக்கும் ஃபிலிம் கேமரா... சிக்கிய ஷட்டருக்கு உயிர் கொடுக்கலாம்!

அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமரா உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? பட்டனை அழுத்தினால் 'க்ளிக்' சத்தம் வரவில்லையா? பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கே சிக்கல்?

இந்த கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மெல்லிய உலோகத் தகடுகள் பூவிதழ் போல விரிந்து மூடும். 1 விநாடி, 1/2 விநாடி போன்ற மெதுவான வேகங்களுக்கு, கடிகாரத்தில் இருப்பது போன்ற குட்டிப் பல்சக்கரங்கள் தகடுகள் மூடுவதைத் தாமதப்படுத்துகின்றன. பல வருடங்கள் சும்மா கிடந்தால், அதில் இருக்கும் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும். அதனால்தான் 1/125-ல் ஒழுங்காக ஓடும் ஷட்டர், 1 விநாடி வைத்தால் திறந்தபடியே நின்றுவிடுகிறது. எண்ணெய் தகடுகளில் கசிந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

செல்போனே டெஸ்ட் மெஷின்

ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸை விளக்குப் பக்கம் திருப்புங்கள். செல்போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். 1/30 வைத்தால் சுமார் 8 ஃபிரேம்களில் வெளிச்சம் தெரிய வேண்டும். 16 தெரிந்தால், ஷட்டர் உண்மையில் 1/15-ல் ஓடுகிறது, படம் வெளிறிப்போகும்.

எண்ணெய் விடாதீர்கள்!

'தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தகடுகள் உலர்ந்துதான் இருக்க வேண்டும். விரலால் தள்ளினால் அவை வளைந்துவிடும்.

அனுபவமுள்ள மெக்கானிக் முன் லென்ஸைக் கழற்றி, லைட்டர் திரவத்தால் பழைய பிசுக்கைக் கழுவுவார். தகடுகள் சுத்தமாக உலரும் வரை திரும்பத் திரும்பச் செய்வார். பல்சக்கர அச்சுகளுக்கு மட்டும் ஊசிமுனை அளவு எண்ணெய் வைப்பார். எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

சரிசெய்த பிறகு...

* மாதம் ஒருமுறை எல்லா வேகங்களிலும் இயக்குங்கள்.
* ஷட்டரை ஏற்றிய நிலையில் வைக்காதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.
* டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஈரம் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

இதற்கான 120 ஃபிலிம் இன்னும் தயாராகிறது. ஒரு ரோலில் 12 படங்கள்தான். முதல் படம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுடையதாக இருக்கட்டும்!