ஜன்னலோரத்தில் மிளகாய்ச் செடி

பெங்களூரில் அல்சூர் ஒரு பழைய பகுதி. ஏரியும் சோமேசுவரர் கோயிலும் இங்கே இருக்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. ஏரிக்கரையில் காற்று தாராளம். சந்துகளில் வீடுகள் நெருக்கம். தோட்டம் போட இடம் இல்லை. மிளகாய்ச் செடி வளர்க்க ஆசைப்படும் பலருக்கு ஒரு ஜன்னல்தான் தோட்டம்.

இன்னொரு தொல்லை குளிர். பெங்களூர் கடல் மட்டத்தைவிட சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். நமக்கு ஒரு கம்பளி போதும். மிளகாய்க்கு?

மிளகாய் வெயிலில் பிறந்த செடி. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகுதான்.

மிளகாய் விதை நன்றாக முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். அது கிடைத்தால் 8 அல்லது 10 நாளில் முளை தெரியும். குளிர்ந்த மண்ணில் 3 வாரம் ஆனாலும் தெரியாது. ஈரம் அதிகமானால் விதை அழுகிவிடும். "விதை சொத்தை" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பல வேளைகளில் குற்றம் விதையில் இல்லை, குளிரில் இருக்கிறது.

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். சிறு டப்பாவில் கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மேலே பாலிதீன் தாளால் மூடுங்கள். அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, சமையலறை அலமாரியில் வையுங்கள். சமைக்கும் சூடு விதைக்கும் கிடைக்கும்.

வீட்டில் உள்ள காய்ந்த மிளகாயின் விதையும் முளைக்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், தாயைப் போலப் பிள்ளை இராது. பெங்களூருக்கு வெளியே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 'அர்கா லோஹித்' என்ற காரமான ரகம் அங்கே உருவானதுதான்.

முளை வந்ததும் டப்பாவை வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. இருட்டில் தண்டு நூல் போல நீண்டு சாய்ந்துவிடும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதனால் தெற்கு ஜன்னல் நல்லது. கிழக்கு ஜன்னலும் பரவாயில்லை. வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது. நாளுக்கு 6 மணி நேர வெயில் கிடைத்தால் காய் பிடிக்கும். எதிர்வீட்டுச் சுவர் மறைக்கிறதா? பகலில் தொட்டியை மாடிக்குக் கொண்டு போய், இரவில் உள்ளே எடுத்து வரலாம். விளக்கு போட்டும் வளர்க்கிறார்கள். 20 வாட் விளக்கு தினமும் 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 8 யூனிட்டுக்கு மேல் ஆகும். இரண்டு செடிக்காக அவ்வளவு செலவு தேவையா?

செடி நாலைந்து இலை விட்டதும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஓர் அடி ஆழம் வேண்டும். பழைய வாளி போதும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். குளிர்காலத்தில் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

பூக்கும். ஆனால் காய் வராது. இதுவும் பலருடைய குறை. மிளகாய்ப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே உள்ளன. வெளியே காற்று அசைத்து மகரந்தத்தைச் சேர்க்கிறது. வீட்டுக்குள் அந்தக் காற்று இல்லை. காலையில் பூவை விரலால் மெல்லத் தட்டுங்கள், அது போதும். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் பூ உதிரவும் செய்யும்.

ஜனவரியில் சில செடிகள் இலை உதிர்த்து நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம். நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மிளகாய் ஒரே ஆண்டில் முடியும் செடி அல்ல. ஒரு சாண் விட்டு மேலே வெட்டிவிடுங்கள். தண்ணீரைக் குறையுங்கள். சிவராத்திரியோடு பனி 'சிவசிவா' என்று போய்விடும் என்பார்கள். அதன் பிறகு புதுத் துளிர் வரும். அந்தச் செடி, புது விதையிலிருந்து வரும் செடியைவிட முந்திக் காய்க்கும்.