துளையுடைத் திண்மமும் வாயுவும்

இரும்பு பெரும்பாலும் ஒட்சிசனோடு கூடிய தாதுவாகவே நிலத்திற் கிடைக்கின்றது. 160 கிராம் தூய ஏமத்தைற்றில் 112 கிராம் இரும்பும் 48 கிராம் ஒட்சிசனும் உள. அவ்வொட்சிசனை அகற்றுதலே தாழ்த்தல் எனப்படும். இதன்பொருட்டு நுண்பொடியாக்கிய தாதுவை ஈரமூட்டி உருட்டிச் சுட்டு, ஏறக்குறைய 10 முதல் 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டைகளாக்குவர். பின்னர் சூடான ஐதரசனையோ காபனோரொட்சைட்டையோ அவற்றின்மீது செலுத்துவர்.

ஐதரசன் செல்லும் வழி மூன்று படிகளையுடையது. முதலில் உருண்டையைச் சூழ்ந்த மெல்லிய வாயுப்படலத்தை அது கடத்தல் வேண்டும்; அடுத்து நுண்டுளைகளினூடே பரவுதல் வேண்டும்; ஈற்றில் ஒட்சைட்டோடு தாக்கமுறல் வேண்டும். விளைந்த நீராவியும் அவ்வழியே மீளும். இவற்றுள் மிக மெதுவான படியே முழு வீதத்தையும் ஆளும்.

1955 இல் யாகி, குனீ என்னும் யப்பானிய அறிஞர் இதனைக் கணிதவுருவில் அமைத்தனர். தாக்கமுறாத உள்ளகம் ஒன்று நடுவே சுருங்கிச் செல்ல, அதனைச் சூழ்ந்த விளைவுப்படை தடித்து வருமென்பது அவர்தம் கருத்து. இம்மாதிரியுருவின்படி, ஆரை இருமடங்கானால், தாக்கமே தடையாயின் நிறைவுறும் காலம் இருமடங்காகும். படையினூடு பரவலே தடையாயின் நான்கு மடங்காகும். ஆகவே, பருமன் வேறுபட்ட ஈருருண்டைகளை ஒரே நிலைமையிற் சோதித்தே தடை எதுவென உய்த்துணரலாம்.

இவ்வறிவு பயன் மிக்கது. தாக்கம் தடையாயின் வெப்பநிலையை உயர்த்தல் பெரிதும் உதவும். பரவல் தடையாயின் அதனால் வரும் பயன் சிறிது. உருண்டையைச் சிறிதாக்கலோ துளைகளைப் பெருக்கலோ வேண்டும். தடையைப் பிழைபட உணர்ந்தோர் எரிபொருளை வீணாக்குவர்.

எனினும் துளை மிக்க உருண்டையில் வாயு ஆழப் புகுதலால், உள்ளகத்தின் எல்லை கூரியதாய் இராது. இதனை விளக்க 1970களில் செக்கலி, எவன்சு, சோன் முதலியோர் மணி மாதிரியுருவை வளர்த்தனர். உருண்டையை எண்ணற்ற சிறு மணிகளின் திரளாகவும், மணி ஒவ்வொன்றும் தனித்தனியே சுருங்குவதாகவும் அது கொள்ளும். உருண்டை வீங்குதலும் வெடித்தலும் மணிகள் ஒட்டுதலும் எந்த எளிய சமன்பாட்டிற்கும் அடங்கா.

காபனோரொட்சைட்டினால் தாழ்த்தும்போது காபனீரொட்சைட்டு விளையும்; ஐதரசனினால் தாழ்த்தும்போது நீராவியே விளையும். 2021 இல் சுவீடனின் லூலியோவில் ஐதரசனைக்கொண்டு கடற்பஞ்சிரும்பு ஆக்கிக் காட்டப்பட்டது. ஆயின் ஐதரசன் வழித் தாழ்த்தல் வெப்பத்தை உறிஞ்சுவது. உருண்டையின் நடுவே குளிர்ச்சி மிகின் தாக்கமும் தளரும். எனவே வாயுவின் வழியோடு வெப்பத்தின் வழியையும் கணித்தல் இன்றியமையாததாகின்றது. பேருலையின் ஆக்கமும் இழப்பும் கைக்குள் அடங்கும் ஓர் உருண்டையின் நுண்டுளைகளிலேயே துணியப்படுகின்றன.