“எதுவானாலும் சரி” என்று சொல்பவர்கள்

“ராத்திரி என்ன டிபன் பண்ணட்டும்?” “எதுவானாலும் சரி.” “லீவுக்கு எங்கே போகலாம்?” “நீங்க சொல்ற இடத்துக்கே போகலாம்.” யாராவது குரலை உயர்த்தினால் இவர் மெல்ல எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனால் இரு பக்கமும் தூது போவதும் இவர்தான். இப்படி ஒருவர் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்.

மனிதர்களை ஒன்பது வகையாகப் பிரிக்கும் ‘எனியாகிராம்’ முறையில் ஒன்பதாவது வகை, ‘சமாதானம் செய்பவர்’. அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் குறைவு. ஆனால், இணங்கிப் போகும் குணம் ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருக்கிறது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கிறார்கள்.

கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கருத்து மோதலை மனிதர்கள் கையாளும் வழிகளை ஐந்தாக வகுத்தார்கள். மோதிப் பார்ப்பது, சேர்ந்து தீர்ப்பது, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, இணங்கிவிடுவது, ஒதுங்கிவிடுவது. இவற்றில் எதுவுமே தப்பில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமயம் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசி இரண்டையே பிடித்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

அது எப்படி முளைக்கிறது என்பதை மேலாண்மை அறிஞர் ஜெர்ரி ஹார்வி 1974-இல் எழுதிக் காட்டினார். அமெரிக்காவின் டெக்சஸில் கோல்மன் என்ற ஊர். ஹார்வியின் மனைவியின் பெற்றோர் வீடு. வெயில் 104 டிகிரி. மின்விசிறிக் காற்றில் எல்லோரும் நிம்மதியாக டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமனார் திடீரென்று, “அபிலீன் போய்ச் சாப்பிட்டு வரலாமா?” என்றார். மகள் சரி என்றாள். மருமகனும் மாமியாரும் தலையாட்டினார்கள். ஏசி இல்லாத காரில், புழுதியில், போக 53 மைல், வர 53 மைல். சாப்பாடும் வாயில் வைக்க முடியவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது: நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை. மற்றவர்களுக்கு அலுப்புத் தட்டியிருக்குமோ என்று நினைத்துத்தான் மாமனாரே பேச்சை எடுத்தாராம்!

அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்த நால்வருக்கும் அன்றைய பொழுது வீணானது. கல்யாணம், வீடு வாங்குவது போன்ற காரியங்களில் இப்படி நடந்தால் நஷ்டம் ஒரு மத்தியானத்தோடு முடியாது. மனதுக்குள் அமுக்கி வைத்தது பிறகு முகம் கொடுத்துப் பேசாமை, வேலையைத் தள்ளிப்போடுவது, சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம் என்று வெளிவரும்.

எதற்கும் இணங்கிப் போகும் இவர்களுக்கு எப்படித் துணை நிற்பது? 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனை ஒரு வழி காட்டுகிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். கூட இருந்தவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே தப்பான பதில் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. சரியான பதிலைச் சொல்ல ஒரே ஒருவர் கூட இருந்தாலும், அந்தச் சாய்வு சுமார் கால் பங்காகக் குறைந்தது.

ஆகவே அந்த ஒருவராக நாம் இருக்கலாம். “உனக்கு ஓகேதானே?” என்று கேட்டால் “ஓகே” என்றுதான் பதில் வரும். “இதில் உனக்குப் பிடிக்காதது எது?” என்று கேளுங்கள். பத்துப் பேர் நடுவில் வேண்டாம், தனியாகக் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால், “நாளைக்குச் சொல்லு” என்று அவகாசம் கொடுங்கள். அவர் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் முகம் சுளிக்காதீர்கள்; ஒருமுறை சுளித்தால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

அடுத்து உங்கள் வீட்டில் ஒரு பெரிய முடிவு எடுக்கும்போது அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.