கடலோடியின் கணக்கும் கணனியின் சரிபார்ப்பும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் திகதி, தென்துருவத்தை அடுத்த வெடல் கடலில், 3,008 மீற்றர் ஆழத்தில் ஒரு மரக்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. சேர் ஏர்னெஸ்ட் ஷக்கில்டனின் ‘என்டியூரன்ஸ்’ என்னும் அக்கப்பல், 1915 நவெம்பர் 21ஆம் திகதி பனிக்கட்டிகளால் நெருக்குண்டு மூழ்கியது. நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் அதனைத் தேடிச் சென்றோருக்கு வழிகாட்டியவை, கப்பற்றலைவர் பிராங் வோர்ஸ்லி தமது ஏட்டில் குறித்துவைத்த இரண்டு அளவுகளே: தென் அகலக்கோடு 68 பாகை 39 கலை 30 விகலை, மேற்கு நெடுங்கோடு 52 பாகை 26 கலை 30 விகலை. கப்பலோ அவ்விடத்துக்கு ஏறக்குறைய 4 மைல் தெற்கே கிடந்தது.

செய்மதியின் துணை சிறிதும் இல்லாத காலத்தில், நகர்ந்துகொண்டேயிருக்கும் பனிப்பாளத்தின் மீது நின்று ஒருவர் இவ்வளவு அண்மையாகக் கணித்தது வியப்புக்குரியதே. எனினும், அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கணக்கிலிருந்தா, கண்ணிலிருந்தா, மணிக்கூட்டிலிருந்தா? வான்பொருட்களைக் கொண்டு இடமறியும் கலையில் கணனி செய்யக்கூடியது எது, செய்யக்கூடாதது எது என்பது இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

கடலோடி செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால், அடிவானத்துக்கு மேல் சூரியனோ விண்மீனோ எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றது என்று அளக்கிறான். அளந்த கோணத்தை அப்படியே பயன்படுத்தல் ஆகாது. அவன் கடல்மட்டத்துக்கு மேலே நிற்பதால் அடிவானம் தாழ்ந்து தோன்றும். கண் 4 மீற்றர் உயரத்திலிருப்பின் இத்தாழ்வு ஏறக்குறைய மூன்றரைக் கலை. வளிமண்டலம் ஒளியை வளைத்துப் பொருளை உயர்த்திக் காட்டும். சூரியனின் கீழ்விளிம்பை அளந்தானாயின், அதன் அரைவிட்டமாகிய சுமார் 16 கலையைக் கூட்டவேண்டும். இத்திருத்தங்களின் பின்னர், அளந்த கணத்துக்குரிய கிறீனிச் நேரத்தைக் கொண்டு, கடற்பஞ்சாங்கத்தில் அப்பொருளின் இடத்தைப் பார்க்கிறான். இப்பஞ்சாங்கம் 1767ஆம் ஆண்டுக்கென இங்கிலாந்தில் முதன்முதல் வெளியாகி, இன்றுவரை ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.

இனி வருவது கோளத் திரிகோணகணிதம். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் சென்ற் ஹிலேர் 1875இல் வெளியிட்ட முறையே பெரும்பாலும் கையாளப்படுகிறது. கடலோடி தான் இருக்கும் இடத்தை முதலில் உத்தேசமாகக் கொள்கிறான். அவ்விடத்திலிருந்து பார்த்தால் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்று கணிக்கிறான். அதனைத் தான் அளந்த உயரத்தோடு ஒப்பிடுகிறான். இரண்டுக்குமிடையே ஒரு கலை வேறுபாடு, ஒரு கடல் மைல்.

இலங்கையின் தென்முனைக்குத் தெற்கே, வட அகலக்கோடு 5 பாகையில் ஒரு கப்பல் செல்வதாக வைத்துக்கொள்க. சூரியன் வான நடுக்கோட்டுக்கு வடக்கே 20 பாகையில் நிற்கிறது. கப்பலின் உச்சிக்கோட்டைக் கடந்து மேற்கே 40 பாகை சென்றுவிட்டது. கணக்கின்படி அதன் உயரம் 48 பாகை 19 கலை. அளந்தது 48 பாகை 25 கலையாயின், கப்பல் உத்தேச இடத்தைவிட 6 கடல் மைல் சூரியன் இருக்கும் திசைக்கு அண்மையிலுள்ள ஒரு கோட்டின்மேல் இருக்கிறது. இரண்டாவது பொருளை நோக்கி இன்னொரு கோடு வரைந்தால், இரண்டும் வெட்டுமிடமே கப்பலின் இடம்.

இதே கணக்கில் சூரியனைத் தவறுதலாகத் தெற்கே 20 பாகையில் வைத்துவிட்டால், விடை 43 பாகை 25 கலையாகிவிடும். பிழை 294 மைல்! இத்தகைய பெரும் பிழையை வரைபடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஐயத்தை எழுப்பாத சிறு பிழையே அஞ்சத்தக்கது. பத்து மைல் விலகிய கோடு வரைபடத்தில் மிகவும் சாதுவாகவே தோன்றும். பாறையும் அந்தப் பத்து மைலுக்குள் இருக்கலாம்.

பிழை கடலோடியிடமே பிறக்கவேண்டும் என்பதுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடலோடிகள் பலர் கையாண்ட ஜோன் ஹமில்டன் மூரின் நூல், 1800ஆம் ஆண்டை லீப் வருடமாகக் கொண்டு அட்டவணை தந்தது. அது லீப் வருடமன்று. சூரியன் நடுக்கோட்டைக் கடக்கும் நாட்களில், வடக்கோ தெற்கோ நாளொன்றுக்கு ஏறக்குறைய 24 கலை நகர்கிறது. ஆகவே ஒரு நாட் பிழை 24 மைற் பிழையாயிற்று. அமெரிக்காவின் சேலம் நகரத்தவரான நதானியேல் பௌடிச், மூரின் நூலில் எண்ணாயிரம் பிழைகளைத் திருத்தியதாகச் சொல்லப்படுகிறது. ஈற்றில் அவர் திருத்துவதை விட்டு, 1802இல் தாமே புதிய நூலொன்றை வெளியிட்டார். அது பௌடிச்சின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

எண்ணாயிரம் பிழைகளை மனிதக் கண்ணால் தேடிய அத்தொழிலை இக்காலத்தில் கணனி ஏற்றுக்கொண்டுள்ளது. பிரித்தானியக் கடற்பஞ்சாங்க அலுவலகம் ‘நவ்பக்’ என்னும் மென்பொருளை வெளியிடுகிறது. அமெரிக்கக் கடற்படை ‘ஸ்டெல்லா’ என்பதை வைத்திருக்கிறது. இவை சூரியன், சந்திரன், கோள்கள், விண்மீன்கள் ஆகியவற்றின் இடங்களைத் தாமே கணித்து, திருத்தங்களையும் செய்து, நொடிப்பொழுதில் விடை தரும்.

கற்பவன் இதனை எவ்வாறு பயன்படுத்துவது? முதலில் தாளில் முழுக் கணக்கையும் தானே செய்து முடித்தல் வேண்டும்; அதன் பின்னரே கணனியைத் திறக்கவேண்டும். இறுதி விடையை மட்டும் ஒப்பிடுவதிற் பயன் குறைவு. திருத்திய உயரம், பஞ்சாங்கத்திலிருந்து எடுத்த இடம், கணித்த உயரம், திசை என ஒவ்வொரு படியாக ஒப்பிட்டால், வழி எங்கே தவறியது என்பது தெளிவாகும். வேறுபாடு சரியாக 32 கலையாயின், சூரியனின் அரைவிட்டத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்திருக்கிறான் என்பது அநேகமாக நிச்சயம். அரைக் கலை அளவிலான வேறுபாட்டைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. அட்டவணைகள் எண்களை முழுமையாக்கித் தருவதால் வருவது அது.

கணனிக்கென்றே உரிய பிழைகளும் உண்டு. 20 பாகை 30 கலையை 20.30 என்று பதிந்தால், கணனி அதனை 20 பாகை 18 கலையாகவே கொள்ளும். 12 கலை ஓசையின்றி மறைந்துபோகும். 20.5 என்று பதிவதே முறை. 30 பாகையின் சைன் அரை என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான். ஆனால் ரேடியன் அளவையில் விடப்பட்ட கருவி அதற்குக் கழித்தற் குறியுடன் 0.988 என்று விடை சொல்லும். வேலை தொடங்குமுன் இவ்வொரு கேள்வியைக் கருவியிடம் கேட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இவற்றினும் ஆழமான குறையொன்றுண்டு. கணனி கூட்டலையும் பெருக்கலையும் சரிபார்க்குமேயன்றி, கொடுக்கப்பட்ட எண்களின் உண்மையைச் சரிபார்க்காது. மணிக்கூடு 4 செக்கன் பிழைத்திருந்தால் நெடுங்கோடு ஒரு கலை பிழைக்கும். அதே பிழைத்த நேரத்தைக் கணனிக்கும் கொடுத்தால், தாளும் கணனியும் ஒரே தவறான விடையிற் கைகுலுக்கிக்கொள்ளும்.

வோர்ஸ்லியின் கதையில் மணிக்கூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பனியில் அகப்பட்டு மாதக்கணக்காகக் கிடந்த கப்பலில், மணிக்கூட்டின் பிழையை அறிய வானத்தையே நாடவேண்டியிருந்தது. 1915ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பௌதிகவியலாளர் றெஜினால்ட் ஜேம்ஸ் முதலியோர் சந்திரன் விண்மீன்களை மறைக்கும் கணங்களைக் குறித்து, அவற்றிலிருந்து கிறீனிச் நேரத்தைக் கணித்தனர். சந்திரன் விண்மீன்களுக்கிடையே ஒரு விகலை நகர ஏறக்குறைய 2 செக்கன் ஆகும். ஆகவே பஞ்சாங்கம் சந்திரனின் இடத்தை ஒரு விகலை பிழைத்துக் கூறினால், நெடுங்கோடு அரைக் கலை பிழைக்கும். அன்றைய பஞ்சாங்கத்துக்கு இன்றைய நுட்பம் கிடையாது. கப்பல் கண்டுபிடிக்கப்படுமுன்னரே, ஆய்வாளர் சிலர் வோர்ஸ்லியின் ஏட்டை எடுத்து, அவர் கையாண்ட முறைகளைப் படிப்படியாக ஆராய்ந்து, அம்மறைப்புகளைக் கணனி தரும் நவீன சந்திர இடங்களைக்கொண்டு மீண்டும் கணித்தனர். மணிக்கூட்டுத் திருத்தம் இவ்வாறு நூறாண்டு கழித்துத் திருத்தப்பட்டது.

ஆனால் அகலக்கோட்டுப் பிழையைச் சந்திரனின் தலையிற் சுமத்த முடியாது. நண்பகலில் அளக்கும் அகலக்கோடு மணிக்கூட்டைப் பெரிதும் சார்ந்ததன்று. கப்பல் மூழ்கிய இடம், நவெம்பர் 20ஆம் 22ஆம் திகதிகளில் எடுத்த அளவைகளிலிருந்து கணிக்கப்பட்டது. இடையிலே பனிப்பாளம் எவ்வாறு நகர்ந்தது என்பதை ஊகிக்கவேண்டியிருந்தது. குளிர்ந்த பனிவெளியின் மேல் ஒளி வளைவதும், அட்டவணை கூறும் அளவினின்று பெரிதும் மாறக்கூடும். இவை ஏட்டில் எண்ணாக ஏறாதவை; ஆதலால் மென்பொருளுக்கு எட்டாதவை.

ஏட்டில் ஏறியவை மட்டுமே பின்னொருநாள் திருத்தப்படலாம். வோர்ஸ்லி, 1916இல் ‘ஜேம்ஸ் கெயர்ட்’ என்னும் சிறு படகில் யானைத் தீவிலிருந்து தென் ஜோர்ஜியாவுக்குச் சென்றபோதும், நனைந்த தாள்களில் பென்சிலால் தம் கணக்குகளை எழுதிவந்தார். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகர நூதனசாலையில் இருக்கும் அவ்வேட்டின் கணக்குகளும் இன்று மறுபடி செய்து பார்க்கப்பட்டுள்ளன. கணனியை வைத்திருக்கும் கடலோடியும் விடையை மட்டும் எழுதிவைத்தல் போதாது. கருவி காட்டிய கோணம், கருவியின் சொந்தப் பிழை, மணிக்கூடு காட்டிய நேரம், அதன் பிழை, கண்ணின் உயரம், அடிவானம் தெளிவாயிருந்ததா மங்கலாயிருந்ததா என்ற குறிப்பு ஆகிய இத்தனையும், திருத்தம் எதுவும் செய்யுமுன், அளந்த அக்கணத்திலேயே ஏட்டில் எழுதப்படல் வேண்டும்.